சுருளும் தாள்: பெரிதாக்கும் படத்தைக் குறைந்த செலவில் தட்டையாக வைப்பது எப்படி?

2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடங்கிய தொடர் போராட்டம் வடக்கு கிழக்கின் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. மன்னாரிலும் தாய்மார் படங்களை ஏந்தி வீதிக்கு வந்தார்கள். அந்தப் படங்களில் சிலவற்றை உற்றுப் பார்த்தால் முகத்தின் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கும். சிலவற்றில் தாடை இழுபட்டிருக்கும். பழைய படம், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் பிரதி எடுத்த நேரத்தில் தாள் வளைந்திருந்தாலும் இப்படித்தான் ஆகும்.

படத்தாள் ஏன் சுருள்கிறது? பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் ஜெலற்றின் பூச்சு இருக்கிறது. படம் இருப்பது அந்தப் பூச்சில்தான். ஈரத்தில் ஜெலற்றின் தாளைவிட அதிகமாக ஊதும். காய்ந்த காற்றில் அதிகமாகச் சுருங்கும். சுருங்கும்போது தாளையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். மன்னார்த் தீவில் சோளகம் வீசும் மாதங்களில் சுருண்டு கிடக்கும் படம், வாடைக்கால மழையில் தானாகவே கொஞ்சம் தளர்வது இதனால்தான். இரு பக்கமும் பிளாஸ்ரிக் பூசிய பிற்காலத் தாள்கள் இவ்வளவு சுருளாது.

இருட்டறையில் படம் கழுவியவர்களுக்கு இது தீராத தலையிடி. சிறிய தாளின் ஓரத்தைச் சட்டம் பிடித்துக்கொள்ளும். 16க்கு 20 அங்குலம், அதற்கு மேல் என்றால் அந்தச் சட்டமே பெரும் செலவு. காற்றை உறிஞ்சித் தாளைப் பிடிக்கும் மேசைகளும் உண்டு, விலை இன்னும் அதிகம். லென்ஸின் துவாரத்தை எஃப் 8, எஃப் 11 என்று சுருக்கினால் சில மில்லிமீற்றர் மேடுபள்ளத்தைச் சமாளிக்கலாம். ஆனால் ஒளி படவேண்டிய நேரம் கூடும். அதற்குள் தாள் மெல்ல அசைந்தால் முகம் இரட்டையாக விழும்.

கையில் காசில்லாதவர்களின் முதல் வழி கண்ணாடி. தாளைவிடப் பெரிய, 5 அல்லது 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள, ஓரம் தேய்த்த ஒரு துண்டு போதும். அதன் பாரமே தாளை அமர்த்திவிடும். ஒளியில் ஏறக்குறைய 8 வீதத்தைக் கண்ணாடி திருப்பி அனுப்பிவிடும் என்பதால் நேரத்தைச் சற்றுக் கூட்டவேண்டும். கண்ணாடியின் இரு பக்கத்திலும் உள்ள ஒவ்வொரு தூசியும் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழும். இந்தத் தூசித் தொல்லை பிடிக்காதவர்கள் இரும்புத் தகட்டுக்குப் போகலாம். மினுக்கமில்லாத கறுப்புப் பெயின்ற் அடித்த தகட்டில் தாளை வைத்து, நான்கு ஓரங்களிலும் காந்தப் பட்டி ஒட்டினால் ஓரத்தில் வெள்ளை விளிம்பு விழும், அவ்வளவுதான். பலகையில் இருபக்க ரேப் ஒட்டிப் பிடிப்பதும் ஒரு வழி. முதலில் அந்த ரேப்பைத் துணியில் இரண்டு மூன்று தடவை அழுத்திப் பசையைக் குறைக்காவிட்டால் தாளின் முதுகு கிழியும். என் தெரிவு தகடுதான்.

இன்று இருட்டறையைத் தேடிப் போகிறவர்கள் அரிது. நெகட்டிவ்களோ இடப்பெயர்வுகளில் தொலைந்துவிட்டன. பல வீடுகளில் எஞ்சியிருப்பது ஒரேயொரு படம். 2013 இல் அமைக்கப்பட்ட பரணகம ஆணைக்குழுவுக்குப் போனபோதும் பிரதி தேவைப்பட்டது, பின்னர் வந்த காணாமல் போனோர் அலுவலகத்துக்குப் போனாலும் தேவைப்படுகிறது. இங்கே பிடிக்கவேண்டியது புதிய தாளை அல்ல, திரும்பக் கிடைக்காத பழைய படத்தை. எனவே ரேப், பசை எதுவும் அதில் படக்கூடாது. காந்தத்தையும் படத்தின் மேல் நேரடியாக வைக்கவேண்டாம். வெள்ளை விளிம்பில் மெல்லிய காகிதத் துண்டை வைத்து அதன்மேல் வையுங்கள். கண்ணாடியென்றால், படமும் கண்ணாடியும் நன்றாகக் காய்ந்திருக்கவேண்டும்; எடுத்து முடிந்ததும் அகற்றிவிடவேண்டும். ஈரம் இருந்தால் ஜெலற்றின் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பிரேமில் ஏற்கெனவே ஒட்டிப்போன படத்தை உரிக்கவேண்டாம், கண்ணாடியோடு சேர்த்தே எடுங்கள். அயன் பண்ணுவதும் மூலப்படத்தை லாமினேற் செய்வதும் கூடவே கூடாது.

இறுகச் சுருண்ட படத்தைக் கையால் விரித்தால் பூச்சு வெடிக்கும். மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் ஈரத்துணியை ஒரு மூலையில், படத்தில் படாமல், சில மணிநேரம் வையுங்கள். தளர்ந்ததும் சுத்தமான ஒற்றுத்தாள்களுக்கு இடையே வைத்து, மேலே பலகையும் பாரமும் ஏற்றி, தாள்களை மாற்றி மாற்றிச் சில நாள் விடலாம். பூஞ்சணம் பிடித்த, வெடித்த, நிறம் தீட்டிய படங்களுக்கும் பிரின்ரரில் அடித்த படங்களுக்கும் இது சரிவராது.

தட்டையான பிறகு போனில் எடுப்பதென்றால் பிளாஷை நிறுத்தி, யன்னல் வெளிச்சத்தில், போனைப் படத்துக்கு நேர் மேலே சமாந்தரமாகப் பிடியுங்கள். கண்ணாடியில் உங்கள் நிழலுரு தெரிந்தால் போனைச் சுற்றிக் கறுப்புத் துணி பிடிக்கலாம். ஸ்கானர் கிடைத்தால் இன்னும் நல்லது. கையிலிருப்பது 35க்கு 45 மில்லிமீற்றர் அளவுள்ள அடையாள அட்டைப் படம் மட்டுமென்றால், கடைக்காரரிடம் 1200 டிபிஐயில் ஸ்கான் பண்ணச் சொல்லுங்கள். ஏ3 அளவுக்குப் பெரிதாக்கினாலும் ஒரு கை தூரத்தில் முகம் தெளிவாகத் தெரியும். 300இல் எடுத்தால் அந்த அளவில் கண்கள் கட்டம் கட்டமாக உடைந்துபோகும்.