காலையில் புளிக்கும் இலை

சித்திரை பிறந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி தோட்டத்தைப் பற்றித்தான் இருக்கும். மாடியில் ஆசையாக வைத்த ரோஜாக் கன்றுகளும் கொத்தமல்லியும் கத்திரி வெயில் தொடங்கும் முன்பே கருகிவிட்டதாகத் திருச்சி வாசகி ஒருவர் வருந்தி எழுதியிருக்கிறார். வெயிலும் வறட்சியும் தாங்கும் செடிகளின் பெயர்களை மட்டும் எழுதினால் போதும் என்கிறார்.

பெயர்களை எழுதிவிடலாம். அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி, நந்தியாவட்டை, நொச்சி, ஆடாதோடை, சோற்றுக் கற்றாழை, டேபிள் ரோஸ், அடினியம், ஆவாரை. இவற்றில் எதை வைத்தாலும் மே மாதத்தைத் தாண்டிவிடும். ஆனால் பெயரோடு நின்றுவிட்டால், கற்றாழைக்குத் தினமும் தண்ணீர் ஊற்றி வேரை அழுகவிடுவோம். காகிதப்பூவை நிழலில் வைத்துவிட்டுப் பூக்கவில்லையே என்று நொந்துகொள்வோம். ஒவ்வொரு செடியும் வெயிலை ஒவ்வொரு விதமாகச் சமாளிக்கிறது. அந்த வித்தை பிடிபட்டால் தேர்ந்தெடுப்பதும் வளர்ப்பதும் தானாக வந்துவிடும்.

செடிக்குக் கோடையில் இருக்கும் சிக்கல் ஒன்றே ஒன்றுதான். உணவு தயாரிக்கக் கரியமில வாயு வேண்டும். அதற்கு இலைத்துளைகளைத் திறந்தாக வேண்டும். திறந்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே ஓடிவிடும். ரோஜா, கத்தரி, செம்பருத்தி போன்ற பெரும்பாலான செடிகள் 1 கிராம் கரியமில வாயுவைப் பிடிப்பதற்கு 400 முதல் 500 கிராம் தண்ணீரை இழக்கின்றன. சோளம், கம்பு, கரும்பு வகையறாக்கள் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாக 250 முதல் 300 கிராமில் முடித்துக்கொள்கின்றன. வெயில் தாங்கும் செடி என்று நாம் சொல்வதெல்லாம் இந்த இழப்பை ஏதோ ஒரு வழியில் குறைத்துக்கொண்ட செடியைத்தான்.

அரளியின் வழியைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஓர் இலையைத் திருப்பி, கைலென்ஸ் வைத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெளிறிய சிறு குழிகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு குழியின் வாயிலும் மெல்லிய மயிர்கள் அடர்ந்திருக்கும். இலைத்துளைகள் அந்தக் குழிகளுக்குள்தான் இருக்கின்றன. வெளியே அனல் காற்று அடித்தாலும் குழிக்குள் காற்று அசையாமல், ஈரத்தோடு நிற்கும். லாரிகளின் சூட்டிலும் தூசியிலும் தேசிய நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் அரளி சிரித்துக்கொண்டு நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: அரளியில் வேர் முதல் பூ வரை எல்லாமே நஞ்சு. சிறு குழந்தைகளும் ஆடு மாடுகளும் நடமாடும் இடத்தில் அது வேண்டாம். இலையைத் தொட்டுப் பார்த்த கையையும் கழுவிவிடுங்கள்.

காகிதப்பூவுக்கு வறட்சியே பூக்கும் காலம். தண்ணீர் தாராளமாகக் கிடைத்தால் அது இலையும் முள்ளுமாகக் கொழிக்கும். மண் காய்ந்து, இலை லேசாகத் துவண்ட பிறகு தண்ணீர் விட்டால்தான் வண்ணம் காட்டும். அந்த வண்ணமும் பூவிதழ் கிடையாது, நிறம் மாறிய இலைதான். உள்ளே நிற்கும் சின்ன வெள்ளைக் குழல்தான் பூ.

இனி, எனக்கு மிகவும் பிடித்த செடிக்கு வருகிறேன். ரணகள்ளி. கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்று ஊர்ப்பக்கம் சொல்வார்களே, அதுதான். இலையைப் பறித்துச் சுவரில் நூல் கட்டித் தொங்கவிட்டாலும், புத்தகத்துக்குள் வைத்தாலும், விளிம்பில் இருக்கும் ஒவ்வொரு வெட்டிலிருந்தும் ஒரு குட்டிச் செடி முளைக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த வேடிக்கை தெரியும். ஆனால் அதன் பெரிய வேடிக்கை இரவில் நடக்கிறது.

பெஞ்சமின் ஹெய்ன் என்று ஒருவர். மொரேவியச் சபையின் சமயப் பணியாளராகத் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியில் தாவரவியல் வல்லுநராக வேலை பார்த்தவர். இவர் 1813-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தைச் சேர்ந்த லேம்பர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியத் தோட்டங்களில் வளரும் ரணகள்ளியின் இலை அதிகாலையில் நன்றாகப் புளிக்கிறது, நேரம் ஏற ஏறப் புளிப்பு குறைகிறது, நண்பகலில் சப்பென்று ஆகிவிடுகிறது, மாலையில் லேசாகக் கசக்கிறது. இதுதான் கடிதத்தின் சாரம். 1815-இல் சங்கத்தின் ஏட்டில் அது அச்சானது. கருவி எதுவும் இல்லை. நாக்கு ஒன்றுதான். ஒரே செடியின் இலையை வெவ்வேறு பொழுதில் கடித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு மனிதருக்குத் தோன்றியதே, அதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். அவர் கண்டதற்கு முழு விளக்கம் கிடைக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

விளக்கம் இதுதான். நான் வளர்ந்த தெருவில் கோடைக்காலத்தில் குழாயில் தண்ணீர் நள்ளிரவில்தான் வரும். அம்மா எழுந்து குடம், அண்டா, தவலை என்று எல்லாவற்றையும் நிரப்பிவைப்பார். பகல் முழுக்க அதைக்கொண்டே சமையலும் துவையலும் நடக்கும். ரணகள்ளியும் அப்படித்தான். பகலில் இலைத்துளைகளை இறுக மூடிக்கொள்கிறது. இரவில், வெப்பம் தணிந்து காற்றில் ஈரம் கூடியதும் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுக்கிறது. வெளிச்சம் இல்லாததால் உடனே உணவாக்க முடியாது. ஆகவே அதை மாலிக் அமிலமாக மாற்றிச் செல்களுக்குள் சேர்த்துவைக்கிறது. பச்சை ஆப்பிளின் புளிப்புக்குக் காரணமான அதே அமிலம். விடிந்ததும் கதவைத் திறக்காமலே, சேமித்த அமிலத்திலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து வெயிலின் துணையோடு உணவு சமைக்கிறது. அமிலம் தீரத் தீரப் புளிப்பும் போய்விடுகிறது. இந்த முறையில் 1 கிராம் கரியமில வாயுவுக்குச் செலவாகும் தண்ணீர் 50 முதல் 100 கிராம்தான். கற்றாழை, சப்பாத்திக்கள்ளி, அன்னாசி எல்லாம் இந்தக் கூட்டம்தான். பிரண்டையில் இன்னும் ஒரு விசேஷம். மழைக்குத் துளிர்க்கும் இலை சாதாரணச் செடியைப் போலப் பகலில் வேலை செய்யும். சதைப்பற்றுள்ள தண்டு இரவில் வேலை செய்யும். வறட்சி வந்தால் இலையை உதிர்த்துவிட்டுத் தண்டை மட்டும் வைத்துக்கொண்டு பிழைத்துக்கொள்ளும்.

ரணகள்ளியில் இதயத்தைப் பாதிக்கும் பொருள்கள் உண்டு என்பதால் ஹெய்ன் செய்ததைச் செய்துபார்க்கச் சொல்ல மாட்டேன். அதற்குப் பருப்புக்கீரை இருக்கிறது. தரையோடு படர்ந்து, சிவந்த தண்டும் சிறிய தடித்த இலையுமாக, நடைபாதைக் கல்லின் இடுக்கில்கூட முளைக்குமே, அதுதான். தண்ணீர் இருக்கும்போது சோளம், கம்பு பின்பற்றும் அதே சிக்கன முறையில் வேகமாக வளரும். தண்ணீர் நின்றதும் இரவில் அமிலம் சேர்க்கும் முறையையும் கூடவே தொடங்கிவிடும். இரண்டு முறைகளையும் ஒரே செடி வைத்திருப்பது மிக அரிது. இரண்டும் ஒரே செல்லுக்குள் கைகோத்து நடக்கின்றன என்பதை 2022-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். தண்ணீர் விடாமல் சில நாள் காயவிட்டு, விடிகாலையில் ஓர் இலையும் சாயங்காலம் ஓர் இலையும் கிள்ளி வாயில் போடுங்கள். வித்தியாசம் நாக்குக்கே தெரியும். வாய்க்காலோரம் மருந்து அடித்த இடத்தில் பறிக்க வேண்டாம்.

இந்தக் கீரையைத்தான் களை என்று சொல்லிப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் புல்தரை போடுகிறார்கள். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய முழுவதும் வறண்டன. ஜூலை 12 முதல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அப்படி ஓர் ஊரில், பார்ப்பதற்கு மட்டுமே இருக்கும் புல்லுக்குத் தினமும் குழாய் திறப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வாசல் முழுக்கச் சிமெண்ட் போட்டு மூடுவதும், உதிர்ந்த சருகைக் கூட்டிக் கொளுத்துவதும் எனக்கு அதே அளவு வருத்தம் தருகின்றன. அந்தச் சருகைச் செடியின் அடியில் நான்கு விரல் கனத்துக்குப் பரப்பினால் அதுதான் மூடாக்கு. மண்ணின் சூடு தணியும், ஈரம் நிற்கும், மட்கினால் உரம். காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை.

தண்ணீர் விடும் பழக்கத்தையும் மாற்ற வேண்டும். தினமும் ஒரு சொம்பு தெளித்தால் மேல் மண் மட்டும் நனையும், வேர் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். வெயிலில் முதலில் கொதிப்பதும் அந்த மேல் மண்தான். தரையில் இருக்கும் செடிக்கு நான்கைந்து நாளுக்கு ஒரு முறை ஆழமாக இறங்கும்படி விட்டால், ஈரத்தைத் தேடி வேர் கீழே போகும். மாடித் தொட்டிக்கு இது பொருந்தாது. அங்கே மண் குறைவு, வேர் ஓட இடமில்லை. ஆகவே மாடிக்கு டேபிள் ரோஸ், கற்றாழை, அடினியம், பிரண்டை என்று தண்ணீரைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கும் செடிகளையே தேர்ந்தெடுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியைத் தவிர்த்து மண் தொட்டியில் வையுங்கள்.

தரையில் இடம் இருப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது ஆவாரையைத்தான். சின்னச் சின்ன இலைகள் என்பதால் லேசான காற்றுக்கும் சூடு இறங்கிவிடும். ஆணிவேர் ஆழமாகப் போகும். கொங்குப் பக்கம் பொங்கலுக்குக் காப்புக்கட்ட இதன் பூ வேண்டும். தோல் பதனிடும் தொழில் ஒரு காலத்தில் இதன் பட்டையை நம்பி நடந்தது. இவ்வளவு இருந்தும் நர்சரிகளில் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. தரிசில் காய்ந்து நிற்கும் காய்களைப் பறித்து விதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். விதைத்தோல் கெட்டி. மணலோடு சேர்த்துத் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்து, நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுங்கள். பிடுங்கி நடுவதை ஆணிவேர் விரும்பாது. சித்திரையில் ஊன்றாமல், வடகிழக்குப் பருவமழையைக் குறிவைத்துப் புரட்டாசிக் கடைசியில் ஊன்றினால் கோடை வருவதற்குள் வேர் இறங்கிவிடும். முதல் கோடையில் மட்டும் வாரம் ஒரு குடம் தண்ணீர் விடுங்கள். அடுத்த கோடையிலிருந்து அதுவும் தேவைப்படாது.