தராசு பழுதுபார்க்கும் மேசையும் நிலைமின்சாரமும்

எலக்ட்ரானிக் தராசைப் பழுதுபார்த்து வாங்கி வருகிறோம். சில வாரம் ஓடி மறுபடி எடையைத் தாறுமாறாகக் காட்டுகிறது. உடனே ‘போர்டு மட்டமான சரக்கு’ என்று தீர்மானித்து விடுகிறோம். போர்டு நல்லதாகவே இருந்திருக்கலாம்; தொட்ட கையிலிருந்த நிலைமின்சாரம் அதைக் கெடுத்திருக்கலாம்.

பிளாஸ்டிக் சாக்கை இழுத்தாலும், பாலியெஸ்டர் சட்டை நாற்காலியில் உரசினாலும் உடம்பில் மின்னேற்றம் சேரும். சுமார் 3000 வோல்ட் சேர்ந்தால்தான் விரலில் ‘சுருக்’ என்று தெரியும். ஐ.சி.க்களில் சில 100 வோல்ட்டுக்கே பழுதாகிவிடும். ஆகவே கைக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது எதற்கும் அத்தாட்சியல்ல. அடிபட்ட ஐ.சி. சில சமயம் அங்கேயே செயலிழக்காமல், நம் கல்லாவுக்கு வந்த பிறகு செயலிழக்கும். மெக்கானிக்கும் ‘நான் கொடுக்கும்போது நன்றாகத்தானே இருந்தது’ என்பார்; அவர் சொல்வதும் பொய்யாக இராது.

தராசின் முத்திரையை உடைத்துப் பழுதுபார்த்தால் மறுமுத்திரை பெற்றாக வேண்டும். எனவே ஒவ்வொரு முறையும் போர்டு விலையோடு முத்திரைச் செலவும் சேருகிறது. அதுவரை வியாபாரமும் தடைப்படுகிறது.

காற்றில் ஈரம் இருந்தால் இத்தொல்லை குறைவு. ஏ.சி. அறையிலும் வறண்ட காற்று வீசும் மாதங்களிலும் அதிகம்.

உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடமே கொடுங்கள். கொடுக்குமுன் அவர் மேசையையும் பாருங்கள். மணிக்கட்டில் எர்த் பட்டை இருக்கிறதா? அதன் ஒயரில் 1 மெகாஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். தவறி 230 வோல்ட்டைத் தொட்டாலும் அந்தப் பட்டை வழியே கால் மில்லிஆம்பியருக்கு மேல் போகாது. ரெசிஸ்டர் இல்லாத வெறுங்கம்பியைக் கையில் கட்டுவது உயிருக்கு ஆபத்து. மேசைமேல் எர்த் செய்த ஸ்டேட்டிக் விரிப்பு வேண்டும். தெர்மோகோல், செல்லோடேப், கேரிபேக் எதுவும் போர்டின் அருகே இருக்கக் கூடாது. புதுப் போர்டு வரும் வெள்ளி நிறப் பை, வாயை மூடி வைத்தால்தான் காக்கும். பையை விரித்து அதன்மேல் போர்டை வைப்பது வீண்.

நம் பழைய பஜார் கட்டடங்கள் சிலவற்றில் மூன்று முனை பிளக்கின் எர்த் துளைக்குப் பின்னால் ஒயரே இராது. எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதித்துக் கொள்ளுங்கள். நியூட்ரலை எர்த்தோடு முடிந்து தருகிறேன் என்பவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

பில் போடும் கம்ப்யூட்டருக்குக் கடையிலேயே மெமரி மாற்றினால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முதலில் கேபினட்டின் பெயிண்ட் இல்லாத இரும்பைத் தொடச் சொல்லுங்கள். பிறகு மெமரியின் ஓரத்தை மட்டும் பிடித்து எடுக்கட்டும்.