மறதி நோய்: கூட இருப்பவரின் உடம்பு என்னாகிறது?

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 26 பெண்களின் முன்கையில் மூன்றரை மில்லிமீட்டர் அகலத்துக்குச் சின்னதாக ஒரு புண் உண்டாக்கி, அது ஆற எத்தனை நாளாகிறது என்று பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேர் மறதி நோய் கண்ட உறவினரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். மீதிப் பேருக்கும் அதே வயது, அதே வருமானம். அந்தப் பொறுப்பு மட்டும் இல்லை. அவர்களுக்குப் புண் சராசரியாக 39.3 நாளில் ஆறியது. நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு 48.7 நாள் ஆனது.

1995-இல் 'லான்செட்' இதழில் வெளியான இந்த ஆய்வு சிறியதுதான். ஆனாலும் ஒன்றைத் தெளிவாகக் காட்டியது: "பார்த்துப் பார்த்தே ஓய்ஞ்சு போயிட்டேன்" என்று வீடுகளில் கேட்பது வெறும் புலம்பல் இல்லை. ஓய்வில்லாத மன அழுத்தம் நோய் எதிர்ப்புச் சக்தியையே தளர்த்திவிடுகிறது.

எத்தனை வீடுகள்?

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் பெரும்பாலோரைப் பார்த்துக்கொள்வது குடும்பம்தான். வீட்டில் இப்படிப் பார்த்துக்கொள்கிறவர்கள் அதற்குச் சராசரியாக நாளொன்றுக்கு 5 மணி நேரம் செலவிடுகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பராமரிப்பு நேரத்தில் 70 சதவீதம் பெண்கள் தருவது. நம் வீடுகளில் அது மனைவி, மகள் அல்லது மருமகள்.

எது ஆளைச் சாய்க்கிறது?

குளிப்பாட்டுவதையும் ஊட்டுவதையும்கூடச் சமாளித்துவிடலாம். பொழுது சாய்ந்ததும் மாமனார், "நான் வீட்டுக்குப் போகணும்" என்று வாசல் கதவை ஆட்டத் தொடங்குவார். அவர் கட்டிய வீடுதான் அது. "இதுதான் மாமா நம்ம வீடு" என்று மருமகள் சொல்லச் சொல்ல அவருக்குக் கோபம் ஏறும். நடுநிசியில் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவார். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காயுமுன், "எனக்கு யாரும் சோறு போடல" என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்வார். அதை அவர்கள் நம்பிவிட்டால் மருமகளுக்கு இரட்டை அடி.

விளைவுகள் ஒவ்வொன்றாக வரும். தூக்கம் போகும். தூக்கி உட்காரவைத்து முதுகு பிடித்துக்கொள்ளும். தன்னுடைய பிரஷர் மாத்திரையும் சர்க்கரைப் பரிசோதனையும் தள்ளிப்போகும். கல்யாணம், கோயில் என்று வெளியே போவது நின்று, ஆள் தனித்துவிடுவார். எரிந்து விழுந்துவிட்டு அதற்காக இரவெல்லாம் அழுவதும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, காரணமில்லாத அழுகை நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எது உதவுகிறது?

இதற்குப் பெரிய மருத்துவமனை தேவையில்லை என்று காட்டியது கோவா. அங்கே 81 குடும்பங்களில் நடந்த ஆய்வில், உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். நோய் என்ன, அடம் பிடித்தால் எப்படிச் சமாளிப்பது, எந்த அரசு உதவியைக் கேட்கலாம் என்று அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். குடும்பத்தார் குறைகளைக் காது கொடுத்துக் கேட்டார்கள். பார்த்துக்கொள்பவர்களின் மனநலம் தேறியது என்று 2008-இல் முடிவு வெளியானது.

பலன் நோயாளிக்கும் போய்ச் சேர்கிறது. நியூயார்க்கில் 406 தம்பதிகளிடம் நடந்த ஆய்வில், துணைக்கு ஆலோசனையும் ஆதரவும் கிடைத்த நோயாளிகள், பராமரிப்பு இல்லத்துக்குப் போவது சுமார் ஒன்றரை ஆண்டு தள்ளிப்போனது. ஆகவே, பார்த்துக்கொள்பவரின் நலம் நோயாளியின் சிகிச்சையிலேயே ஒரு பகுதி.

வீட்டில் முதலில் கற்கவேண்டியது வாதாடாமல் இருப்பதை. "சரி மாமா, காபி குடிச்சிட்டுக் கிளம்பலாம்" என்றால் பல நேரம் அந்தக் கொந்தளிப்பு தணிந்துவிடும். நோயாளியை மருத்துவரிடம் அழைத்துப்போகும் அன்றே தன் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளலாம். மனம் தாங்காதபோது 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே, கட்டணமின்றிப் பேசலாம். முதியோர் உதவிக்கு 14567. சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பு மறதி நோய்க்கெனத் தனிப் பிரிவு நடத்துகிறது.

உறவினர்களுக்கும் வேலை இருக்கிறது. மாதாமாதம் பணம் அனுப்பும் அண்ணன் தம்பிகள் நேரத்தையும் பங்கு போட வேண்டும். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்பதால் யாருக்கும் பயனில்லை. "ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் நான் அப்பாகூட இருக்கேன், நீங்க தூங்குங்க அண்ணி" என்று சொல்லி, சொன்னபடி வந்து உட்கார்ந்தால் அதுதான் உதவி.