பெருநாள் சட்டைக்கு அளவெடுத்தபோது

மகளுக்குப் பெருநாள் சட்டை தைக்க அளவெடுத்தபோதுதான் கண்டேன், ஒரு தோள் உயர்ந்திருந்தது. பாடசாலைப் பர்தா அதுவரை மறைத்திருக்கிறது. “புத்தகப்பை சுமந்துதான்” என்றார் உம்மா. நானும் நம்பினேன்.

வரிப்பத்தான்சேனையிலிருந்து அம்பாறைக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தோம். பை காரணமல்ல என்றார் வைத்தியர். முள்ளந்தண்டு பக்கவாட்டில் 10 பாகைக்கு மேல் வளைவது ஸ்கோலியோசிஸ். பத்தில் எட்டுப் பேருக்குக் காரணமே தெரிவதில்லை. மற்றவர்களுக்குப் பிறவிக் குறை, நரம்பு, தசை நோய்கள். வளரும் வயதில் கூடுவது பெண்பிள்ளைகளுக்கே அதிகம். வயதானோரின் கூன் வேறு; அது பெரும்பாலும் எலும்புத் தேய்வால் வருவது. காசநோயும் கூனாக்கும்.

சகோதரிகளே, பிள்ளையை முன்னால் குனியச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். முதுகில் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் தாமதிக்காதீர்கள். வளர்ச்சி முடியுமுன் பிரேஸ் அணிந்தால் வளைவு கூடாமல் தடுக்க வாய்ப்புண்டு.

மகளுக்கு 28 பாகை. தூக்கத்திலும் பிரேஸ்தான். “இதுக்கு மேல சட்டை கொள்ளுமா உம்மா?” என்றாள். பக்கத் தையலைப் பிரித்து அகலமாக்கியிருக்கிறேன்.