வாசலைக் கண்டால் நடுங்கும் கினி பிக்

கடந்த பள்ளி விடுமுறையில் ஒரு மாலை. எங்கள் தரை வீட்டின் முன்புறம் சின்னதாய் ஒரு புல்தரை உண்டு. மிலோவையும் டோஃபுவையும் முதன்முறையாக அங்கே கொண்டுபோய் விட்டோம். எட்டு மாதமாக வரவேற்பறைக் கூண்டிலேயே வளர்ந்த கினி பிக்குகள் அவை. துள்ளிக் குதிக்கும் என்று கைப்பேசியோடு காத்திருந்தாள் மகள். இரண்டும் அசையவே இல்லை.

“அமைதியா ரசிக்குதும்மா” என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மிலோவைத் தூக்கியபோதுதான் அதன் நெஞ்சு படபடவென அடித்துக்கொள்வது தெரிந்தது. டோஃபு அன்றிரவு தனக்குப் பிடித்த குடைமிளகாயைக்கூடத் தொடவில்லை. மறுநாள் காலையும் சாப்பிடாததால் கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். கினி பிக்கின் குடல் ஓயாமல் இயங்க வேண்டும். அரை நாள் பட்டினி கிடந்தாலே அது ஆபத்து என்றார் அவர்.

நல்லவேளையாக டோஃபு தேறிவிட்டது. எங்கள் தவறும் புரிந்தது.

ஏன் இந்தப் பயம்?

கினி பிக்கின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி. பிற விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் இரையாகும் பிராணி என்பதால், ஆபத்து என்று தோன்றினால் ஓடி ஒளியும். அல்லது அப்படியே உறைந்து நிற்கும். தலைக்கு மேல் ஒரு காக்கையின் நிழல் போனாலே போதும். ஒளிய இடமில்லாத வெட்டவெளியில் அசையாமல் இருப்பது அமைதியல்ல, அச்சம்.

படிப்படியாகப் பழக்குங்கள்

முதலில் புல்லை வீட்டுக்குள் கொண்டு வாருங்கள். கழுவிய புல்லைத் தினமும் ஒரு சிறு பிடி கொடுத்தால் அதன் வாசனையும் பழகும், வயிறும் பழகும். திடீரென்று நிறையத் தின்றால் வயிற்றுப்போக்கு வரும். அன்றாட முக்கிய உணவு உலர்புல்தான்.

அடுத்து, கார் நிறுத்தும் முன்தளத்தில் மடிப்பு வேலி போட்டு, கூண்டில் விரித்திருந்த துணியைத் துவைக்காமல் அப்படியே விரியுங்கள். தன் வாசனை இருந்தால் அதற்குத் தைரியம் வரும். இரண்டு வாசல் வெட்டிய அட்டைப் பெட்டியும் வையுங்கள். தொடக்கத்தில் பத்து நிமிடம் போதும். ஒன்றாக வளர்பவற்றைப் பிரிக்காதீர்கள்.

பிறகுதான் புல்தரை. பெட்டியோடு இறக்கிவிட்டு, அதுவாக வெளியே வரும்வரை காத்திருங்கள். மேலே நின்று எட்டிப் பார்க்காமல் தரையில் உட்காருங்கள். புல்லை மென்றால், இருந்த இடத்திலேயே துள்ளினால் பழகிவிட்டது என்று பொருள். கண் விரிந்து உறைந்து நின்றால் உள்ளே கொண்டுபோய் விடுங்கள். நாளை பார்க்கலாம்.

நம் ஊர் வெயில்

குளிர்ந்த மலையிலிருந்து வந்த பிராணி இது. நம் ஊரின் 32, 33 பாகை வெயிலை அதன் உடல் தாங்காது. பொழுது விடிந்ததிலிருந்து எட்டரை மணி வரைதான் ஏற்ற நேரம். அப்போதும் நிழலும் தண்ணீரும் வேண்டும். மூச்சிரைப்பு, எச்சில் ஒழுகுதல், துவண்டு கிடத்தல் ஆகியவை வெப்பத் தாக்கத்தின் அறிகுறிகள். உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, காதையும் பாதங்களையும் குழாய் நீரால் நனைத்து, மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். ஐஸ் வைக்கக் கூடாது.

களைக்கொல்லி தெளித்த புல், கொசுப் புகை அடித்த இடம், தெருப் பூனைகள் சிறுநீர் கழிக்கும் ஓரம் எதுவும் வேண்டாம். பூனை, காக்கை, உடும்பு வரக்கூடும் என்பதால் வேலிக்கு மேலும் வலை போடுங்கள். கேட்டைத் திறக்கப் போகும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் தொட்டியில் புல் வளர்த்து வீட்டுக்குள்ளேயே வைக்கலாம். வெளியே போயே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எந்தக் கினி பிக்குக்கும் இல்லை.

இப்போது மிலோ காலையில் வேலியைப் பார்த்ததுமே கத்தத் தொடங்கிவிடும். டோஃபு இன்னும் பெட்டி வாசலைத் தாண்டுவதில்லை. தலையை மட்டும் நீட்டி, எட்டும் தூரத்துப் புல்லைக் கடிக்கிறது. மகள் தினமும் பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தி, புதுப் புல் பக்கம் வைக்கிறாள்.