பேர் வைக்கத் தெரியுமா, ஸார்?

"மிஷின் ரெடி. அதுக்கு ஒரு நல்ல பேரா பார்த்து வெச்சுடுங்க. சின்ன வேலைதானே!" என்றார் முதலாளி.

சின்ன வேலையாம்! பெற்ற பிள்ளைக்குப் பேர் வைப்பதுதான் ஸார் சின்ன வேலை. தாத்தா பேரைக் காதில் மூன்று தடவை சொன்னால் தீர்ந்தது. பிடிக்காவிட்டால் வளர்ந்த பிறகு அவனே கெஜட்டில் மாற்றிக்கொள்வான். ஒரு மிஷினுக்குப் பேர் வைத்துப் பாருங்கள், அப்போது தெரியும் சேதி. எனக்குத் தெரிந்தது. அதற்கு ஆன செலவைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு சின்ன எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில். நாங்கள் செய்தது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பில் மிஷின். மளிகைக்கடை, டீக்கடை, ஜூஸ் கடைக்கெல்லாம் தோதானது. விலையைத் தட்டினால் இரண்டு அங்குலக் காகிதத்தில் 'கிர்ர்' என்று பில் நீட்டும். அதைச் செய்ய எங்கள் இன்ஜினீயர் பையனுக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. பேர் வைக்க எனக்குக் கொடுத்த அவகாசம் 10 நாள்.

கமிட்டி கூடியது. காராபூந்தி வந்தது. யோசனைகளும் வந்தன.

"எந்தப் பேரா வேணா இருக்கட்டும். கூட்டினா அஞ்சு வரணும்" என்றார் அக்கவுண்ட்ஸ் பெரியவர்.

"முன்னாடி ஒரு 'ஸூப்பர்' இல்லேன்னா மார்க்கெட்ல எடுபடாது" என்றார் சேல்ஸ் மேனேஜர்.

"பில் போடற மிஷின்தானே? 'பில்லா'ன்னு வெச்சுடலாம்" என்றான் ஸ்டோர்ஸ் பையன். எல்லோரும் கை தட்டினோம். "படக் கம்பெனிக்காரங்க வந்தா நீ பேசிக்கறியா?" என்று முதலாளி கேட்டதும் கைதட்டல் நின்றது. முதலாளிக்கு உள்ளூரப் பேத்தி பேர் மேல் ஆசை. யாரும் சத்தமாக மறுக்கவில்லை. சத்தமாக ஆமோதிக்கவும் இல்லை.

அன்றிரவு உட்கார்ந்து, பெரிய கம்பெனிகள் என்ன செய்தன என்று தேடிப் படித்தேன். பரம திருப்தியாக இருந்தது. அவர்களும் நம்மைப்போல முழித்தவர்கள்தான்!

காலு முளைத்த எழுத்து

1979 ஜூலை 1. ஸோனி கம்பெனி கையடக்க டேப் பிளேயர் ஒன்றை 33,000 யென் விலையில் ஜப்பானில் விற்பனைக்கு விட்டது. பேர், வாக்மேன். வைத்தவர்கள் அங்கே வேலை பார்த்த இளவட்டங்கள். நிருபர்களுக்காக அதே கம்பெனி செய்த 'பிரஸ்மேன்' என்ற டேப் ரெக்கார்டர் ஏற்கெனவே இருந்தது. 'சூப்பர்மேன்' படம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்துக் குலுக்கினார்கள், வாக்மேன் விழுந்தது.

தலைவர் அகியோ மோரிடாவுக்குப் பிடிக்கவில்லை. 'இது இங்கிலீஷே இல்லையே!' என்று சங்கடப்பட்டார். மாற்றச் சொன்னபோது விளம்பரமெல்லாம் தயாராகிவிட்டிருந்தது. சரி, வெளிநாட்டிலாவது மானம் போகாமல் இருக்கட்டுமென்று அமெரிக்காவில் 'ஸவுண்டபவுட்', பிரிட்டனில் 'ஸ்டோஅவே', ஸ்வீடனில் 'ஃப்ரீஸ்டைல்' என்று ஊருக்கொரு பேர் வைத்தார்கள். ஜனங்கள் கேட்டால்தானே? 'வாக்மேன் இருக்கா?' என்றே கேட்டார்கள். கடைசியில் உலகம் முழுக்க அதுவே ஆயிற்று. 1986-ல் ஆக்ஸ்போர்டு அகராதியிலும் ஏறியது. ஆரம்ப கால லோகோவில் 'ஏ' எழுத்தின் அடியில் இரண்டு கால் முளைத்திருக்கும். பார்த்த மாத்திரத்தில் விஷயம் புரிந்துவிடும், விளக்கவுரை வேண்டாம்.

இந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. பேர் அளவுக்கு மீறிப் பிரபலமாகிவிட்டால் அதுவும் ஆபத்து! 2002-ல் ஆஸ்திரியாவின் உச்ச நீதிமன்றம், 'வாக்மேன் என்பது இப்போது எல்லாருக்கும் பொதுச்சொல்' என்று சொல்லிவிட்டது. நாம் போட்டோ காப்பி எல்லாவற்றையும் ஜெராக்ஸ் என்கிறோமே, அந்த மாதிரி.

பேனாக்காரர் போட்ட கேஸ்

அடுத்தது அமெரிக்காவின் பாம் கம்பெனி. ஜெஃப் ஹாகின்ஸ் என்ற இன்ஜினீயர், மிஷின் பிறப்பதற்கு முன்பே அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அலைந்தார். மீட்டிங்கில் யாராவது தேதி கேட்டால் கட்டையை எடுத்து, குச்சியால் எழுதுவது போல பாவனை செய்வார். பக்கத்தில் இருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ!

1996-ல் அந்தக் கட்டை நிஜ மிஷினாக வந்தது. பேர், பைலட். அமோக விற்பனை. இங்கேதான் வந்தது வினை. பைலட் பேனாக் கம்பெனி ஒன்று உலகத்தில் ஏற்கெனவே இருக்கிறதே! 'எழுதுகிற சாமான் எங்களுடையது, பேரும் எங்களுடையது' என்று அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1997-ல் 'பாம்பைலட்' என்றிருந்தது 1998-ல் பைலட்டை உதறிவிட்டு வெறும் 'பாம் 3' ஆயிற்று. ஜனங்கள் அதற்கப்புறமும் வருஷக்கணக்கில் பாம்பைலட் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாங்குகிறவன் வாயில் ஒட்டிக்கொண்ட பேர், ஆனால் பெட்டி மேல் போட முடியாது. இதைவிடக் கொடுமை உண்டா?

அதற்கு நேர்மாறாக நடந்துகொண்டது கனடாவின் ரிம் கம்பெனி. கையடக்க ஈ-மெயில் மிஷினுக்குப் பேர் வைக்க, அதையே தொழிலாகச் செய்யும் கலிபோர்னியாவின் லெக்ஸிகான் கம்பெனியிடம் போனது. குட்டி குட்டி பட்டன்கள் பழத்து விதை மாதிரி இருப்பதைப் பார்த்து முதலில் 'ஸ்ட்ராபெர்ரி' என்றார்களாம். 'ஸ்ட்ரா' என்பது இழுவையாக இருக்கிறது என்று ஆட்சேபணை வந்தது. ஆகவே 1999-ல் பிறந்தது பிளாக்பெர்ரி. அந்தப் பேரில் 'மெயில்' இல்லை, 'ஆபீஸ்' இல்லை. ஆபீஸ் மிஷினுக்கு ஆபீஸை ஞாபகப்படுத்தாத பேர்! பேர் அப்படி ஓங்கி வளர்ந்து, 2013-ல் கம்பெனியே தன் பேரை பிளாக்பெர்ரி என்று மாற்றிக்கொண்டது. போன் போய்விட்டது, பேர் நிற்கிறது.

ஐபோன் கதை தெரியுமோ? 2007 ஜனவரி 9-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் அறிவித்தார். மறுநாளே சிஸ்கோ கம்பெனி, 'அந்தப் பேர் எங்களிடம் பதிவில் இருக்கிறது' என்று கேஸ் போட்டது. அடுத்த மாதமே இருவரும் பேசி ராசியானார்கள். பெரிய இடத்து விவகாரம், சீக்கிரம் முடிந்துவிடும். நம்மால் ஆகிற காரியமா?

எங்கள் யானை

பிளாக்பெர்ரி கதையால் உற்சாகம் பிடித்து நானே ஒரு பேர் கண்டுபிடித்தேன். என்ன பேரா? இங்கே எழுதினால் மறுபடி வக்கீல் நோட்டீஸ் வரும். எல்லோருக்கும் பிடித்தது. கூட்டினால் அஞ்சு வந்தது! லோகோவுக்கு, யானை தும்பிக்கையால் பில் நீட்டுவது போல அழகாக ஷேடிங் கொடுத்து வரைந்தார் ஆர்ட்டிஸ்ட். சுவரில் மாட்டிப் பார்த்தால் கம்பீரம். மிஷினில் அதற்கு இருந்த இடமோ கட்டைவிரல் நகம் அளவு. அந்த அளவில் யானை, தண்ணீர்க் குழாய் மாதிரி தெரிந்தது. பில்லில் அச்சடித்தால் இன்னும் மோசம். சூட்டில் கறுக்கும் காகிதத்தில் கறுப்புப் புள்ளி உண்டு அல்லது இல்லை, ஷேடிங்குக்கு இடமே கிடையாது. குழாயும் போய் ஒரு கரித்துண்டு மிஞ்சியது.

அதையாவது திருத்தினோம். பேர் விஷயத்தில்தான் கோட்டை விட்டேன். டிரேட் மார்க் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் இலவசமாகத் தேடலாம். நானும் தேடினேன். எங்கள் ஸ்பெல்லிங்கில் யாரும் இல்லை. 'கிளியர் ஸார்' என்று கையெழுத்துப் போட்டேன். அதே பக்கத்தில், ஒலி ஒற்றுமையை வைத்துத் தேட இன்னொரு வசதி இருந்தது. அதை நான் தொடவில்லை.

2,000 மிஷின். உடம்பிலேயே பேர் புடைத்து நிற்கும்படி மோல்டு. கலர் அட்டைப்பெட்டி. எல்லாம் வந்து இறங்கிய மூன்றாவது வாரம் நோட்டீஸ் வந்தது. எடை மிஷின் செய்கிற ஒரு கம்பெனி, ஒரே ஒரு எழுத்து வித்தியாசத்தில் அதே பேரைப் பதிவு செய்து வைத்திருந்தது. சொல்லிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கடைக்காரர் காதால்தானே கேட்பார்?

மோல்டைத் திருத்த இரண்டேகால் லட்சம். பெட்டிகள் பழைய பேப்பர்க்காரருக்கு. கையிருப்பு மிஷின்கள் மேல் ஸ்டிக்கர் ஒட்ட ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஆபீஸ் வந்தோம். என் எதிரே உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தான் இன்ஜினீயர் பையன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "ஒன்றரை வருஷம் ஸார். ஒரு மிஷின்ல தப்பு வரல."

முதலாளி திட்டினது மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

அண்ணாச்சி வைத்த பேர்

ஆகவே, நாளைக்கு நீங்கள் ஏதாவது தயாரித்தால் அடியேனின் அனுபவ மொழிகள்:

பேரைப் போனில் ஒருவரிடம் சொல்லி, எழுதிக் காட்டச் சொல்லுங்கள். தப்பாக எழுதினால் பேரில்தான் தப்பு. பதிவேட்டில் எழுத்தை வைத்தும் தேடுங்கள், ஓசையை வைத்தும் தேடுங்கள். எலெக்ட்ரானிக்ஸ் சாமான்கள் பெரும்பாலும் 9-ம் வகுப்பில் வரும். லோகோவைத் தேட வியன்னா கோடு என்று தனி எண் வரிசை இருக்கிறது, யானைக்குக்கூட நம்பர் உண்டு! லோகோவை நக அளவுக்குச் சுருக்கி, கறுப்பு வெள்ளையில் பாருங்கள். தனி நபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்பில் விண்ணப்பிக்க 4,500 ரூபாய்தான். எங்கள் மோல்டுச் செலவோடு ஒப்பிட்டால் டீச் செலவு. பதிவு கிடைத்தால் 10 வருஷத்துக்குச் செல்லும், புதுப்பித்துக்கொண்டே போகலாம். பதிவாகும் முன் வட்டத்துக்குள் 'ஆர்' போட்டுக்கொள்ளாதீர்கள், அது குற்றம்.

புதுப் பேர்? சோதனைக்காக ஒரு மளிகைக்கடையில் மிஷினை விட்டிருந்தோம். ஸ்டிக்கர் ஒட்டப் போன இன்ஜினீயர் பையன் காதில் அண்ணாச்சியின் குரல் விழுந்தது. "ஏலே, குட்டிக்கு சார்ஜ் போட்டியாலே?"

அதைக் கேட்டு ஓடிவந்து சொன்னவன் அவன்தான். பேர் 'குட்டி'யில் ஆரம்பிக்கிறது. பின்னால் என்ன என்பது விண்ணப்பம் தேறிய பிறகு. இந்தத் தடவை ஓசையை வைத்து மூன்று நாள் தேடினேன். தேடிய தாளில் கையெழுத்தை மட்டும் அவனையே போடச் சொன்னேன்.

அவன் போடுவதற்கு முன் கூட்டிப் பார்த்தார் அக்கவுண்ட்ஸ் பெரியவர். எட்டு வருகிறதாம். வரட்டுமே!