தினவும் சொறிதலும்

சொறிதல் இன்பந் தருவது. அவ்வின்பமே நோயாய் முடிவதும் உண்டு. நாம் மாணவராயிருந்த காலத்திலே, பிடரியிற் கருந்தடிப்புடைய தோழன் ஒருவன் எம்முடன் கற்றான். தொற்றிவிடுமென்றஞ்சி, அவனிருந்த வாங்கிலே நாம் அமராதிருந்தோம். அவ்வச்சம் முற்றுந் தவறானதென்பதைப் பல்லாண்டு கழிந்தபின் மருத்துவர் ஒருவர் வாயிலாகவே அறிந்தோம்.

இந்நோயை மருத்துவர் ‘லைக்கன் சிம்பிளெக்ஸ் குரோனிக்கஸ்’ என்பர். பாறையிலும் மரப்பட்டையிலும் பொருக்காய்ப் படரும், பூஞ்சையும் பாசியும் இணைந்த உயிரிக்கு லைக்கன் என்பது பெயர். தோலும் அதுபோலத் தடித்துச் சொரசொரப்பாகின்றது. 1891ஆம் ஆண்டிலே புரொக், ஜக்கே என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவர், நரம்போடு இதற்குள்ள தொடர்பு கருதி ‘நரம்புத் தோலழற்சி’ எனப் பொருள்படும் பெயரை வழங்கினர்.

பூச்சிக்கடி, வரட்சி, வியர்வை, ஆடையின் உராய்வு, கரப்பான் ஆகியவற்றுள் ஏதேனுமொன்றால் முதலிலே தினவு தோன்றும். மெல்லிய நரம்பிழைகள் அவ்வுணர்ச்சியை முண்ணாண் வழியாக மூளைக்குக் கொண்டுசெல்லும். சொறியும்போது எழும் நோவு, முண்ணாணிலேயே தினவை அடக்கும்; ஆதலாற் சிறிது நேரம் சுகமுண்டு. ஆனால், நகம்பட்ட தோல் அழற்சியுற்று நரம்பு நுனிகளைத் தூண்டவே, தினவு முன்னிலும் மிகும். கையும் மீண்டும் அங்கே செல்லும். இவ்வட்டம் சுழலச் சுழல, மேற்றோல் தடிக்கும், கருமையேறும், தோலின் வரிகள் ஆழமாகும். மண்வெட்டி பிடித்த கை காய்ப்பேறுதல் போன்றதே இது.

கை எளிதில் எட்டும் பிடரி, முன்கை, கணுக்கால் முதலிய இடங்களிலேயே இது பெரும்பாலும் காணப்படும். மனக்கவலையுற்ற வேளையிலும் இரவிலும் தினவு பெருகும். உறக்கத்திலுங்கூடக் கை தானே சொறியும்.

வட்டத்தை அறுப்பதே பரிகாரம். நகங்களை ஒட்ட வெட்டுதல், தினவெழும்போது குளிர்நீரில் நனைத்த துணியை ஒற்றுதல், இரவில் அவ்விடத்தைத் துணியால் மூடுதல், தோலை உலரவிடாது பேணுதல் ஆகியன வேண்டும். 1952ஆம் ஆண்டில் ஐதரோகோட்டிசோன் தோல்மேற் பூசும் மருந்தாக வந்தது முதல், ஸ்டீரொயிட் களிம்புகள் பேருதவி புரிகின்றன. எனினும், மருத்துவரைக் கேளாது அவற்றை வாங்கிப் பூசலாகாது. தடிப்புப் படர்தாமரையாயின் அக்களிம்பே அதனைப் பரப்பிவிடும். தடிப்புத் தணிய வாரங்களும் மாதங்களும் செல்லும். நிறம் மாறுவதற்கு அதனினும் நாட்செல்லும். பொறுமை இன்றியமையாதது.

இன்று கற்கும் தம்பியர்க்கு ஒரு சொல். இத்தகைய தடிப்புடையோன் உங்கள் வகுப்பில் இருப்பின், ‘சொறியாதே’ என்று அதட்டாதீர்கள். அவமானம் கவலையை வளர்க்கும், கவலை தினவை வளர்க்கும். அஞ்சாது அவனருகே அமருங்கள். அன்று நாம் செய்யத் தவறியது அதுவே.